இருபத்தைந்தாம் தேதிப் பனி

அண்ணே,

இன்று காலை அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தபோது கைபேசியில் ஒரு படம் வந்து விழுந்தது. அனுப்பியது உங்கள் பேத்தி கயல். கிறிஸ்துமஸ் வாழ்த்தாக இருக்கும் என்று திறந்தேன். வாழ்த்தும் இருந்தது. அதற்குக் கீழே ஓர் அட்டவணை. மேலே ராஜபாளையம் என்று ஊர்ப் பெயர். அதற்கடுத்து டிசம்பர் இருபத்தைந்து என்று ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளுக்கு மட்டும் வருடம் வருடமாகக் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. காலையில் எவ்வளவு குளிர், மத்தியானம் எவ்வளவு வெயில், மழை உண்டா இல்லையா என்று ஒவ்வொரு வருடத்துக்கும் நேராகப் போட்டிருக்கிறது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். பால் பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை.

கடைசியில் கயல் ஒரு கேள்வி எழுதியிருந்தாள். “கண்டக்டர் தாத்தா, நீங்க சொல்ற அந்தப் பனி வருசத்துக்கு நேரா வானம் தெளிவுன்னு போட்டிருக்கு. நெசமாவே பனியா, இல்ல நீங்களும் தாத்தாவும் சேர்ந்து விட்ட கதையா?”

நேரில் வரும்போது சொல்கிறேன் என்று பதில் போட்டேன். அட்டவணை பொய் சொல்லவில்லை, அண்ணே. எங்கோ தொலைவில் ஏதோ ஒரு விமான நிலையத்தில் நிற்கும் கருவி பார்த்த வானமாக இருக்கும் அது. அந்த வானம் தெளிவாகத்தான் இருந்திருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மம்சாபுரத்துக்கும் நடுவே கண்மாயை ஒட்டிப் போகிற ரோட்டில் அன்று என்ன இறங்கிக் கிடந்தது என்று அந்தக் கருவிக்கு எப்படித் தெரியும்?

அவளிடம் சொல்வதற்கு முன்னால் உங்களிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு அன்று முன்னால் இருந்த வெள்ளை மட்டும்தான் தெரியும். பின்னால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் நீங்கள். எங்காவது தப்பாகச் சொன்னால் கனவிலாவது வந்து திருத்துங்கள்.

நம் வண்டியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதன் சத்தம். கூரையில் எங்கோ ஒரு தகரம் கழன்று, ஊர் வந்து சேரும்வரை தனக்குத்தானே பேசிக்கொண்டு வரும். ராத்திரி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஹால்ட். கிழக்கு வெளுக்கும்போது முதல் ட்ரிப், மம்சாபுரம் வழியாக ராஜபாளையம். நீங்கள் டிரைவர், நான் கண்டக்டர். முதலாளி எத்தனையோ பேரை மாற்றினார். நம் இரண்டு பேரை மட்டும் பிரிக்கவில்லை. ஓட்டும்போது நீங்கள் பேச மாட்டீர்கள். மழை வந்தால் வைப்பரைப் போடுவீர்கள். அதற்கு மேல் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல ஒன்றும் இருந்ததில்லை.

வருடத்தில் ஒரு நாள் தவிர. கிறிஸ்துமஸ் அன்று லீவு வேண்டும் என்று மற்ற கிறிஸ்தவ டிரைவர்கள் எல்லாம் முதலாளியிடம் மன்றாடுவார்கள். நீங்கள் அந்த டியூட்டியைக் கேட்டு வாங்குவீர்கள். ராஜபாளையத்தில் மதினி தனியாகக் கோயிலுக்குப் போவார்கள். நீங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கிளாசை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு மேற்கே பார்ப்பீர்கள். மலை தெரிந்தாலும் பார்ப்பீர்கள், தெரியாவிட்டாலும் பார்ப்பீர்கள். அப்புறம் மெதுவாக ஆரம்பிக்கும். போன வருடம் வாடை. அதற்கு முந்தைய வருடம் வெக்கை, பனியே இல்லை. அதற்கும் முந்தி தூறல். ஜெபம் சொல்கிற குரலில் ஒவ்வொன்றாகப் பின்னால் போய்க்கொண்டே இருப்பீர்கள். கடைசியில் ஒரு வருடத்தில் நின்றுவிடும். “அந்த வருசம் நல்ல மழை,” என்பீர்கள். அதற்கும் பின்னால் ஒருநாளும் போனதில்லை.

பண்டிகை நாளில் வெறும் வீட்டை நினைக்காமல் இருக்க, கைக்குக் கிடைத்த வானிலையைப் பிடித்துக்கொள்கிறீர்கள் என்றுதான் நான் நினைத்தேன். வெறும் வீடு என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஸ்டெல்லா போய்விட்டாளே. ஒரே மகள். சுந்தரபாண்டியத்தில் வயலும் கிணறுமாக இருந்த ஓர் இந்துக் குடும்பத்துப் பையனை அவளுக்குப் பிடித்துப்போனது. ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டாள். நீங்கள் சத்தம் போடவில்லை, ஆள் அனுப்பவில்லை, யாரையும் திட்டவில்லை. அவள் பெயரை வாயிலிருந்து எடுத்துவிட்டீர்கள், அவ்வளவுதான். நீங்கள் சொல்லாததால் நாங்களும் சொல்லவில்லை. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறி சுந்தரபாண்டியத்துக்குப் போய் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அந்தத் தூரம் கடலைப் போல அகலமாகிக்கொண்டே போனது.

பனி வருடத்துக்கு வருகிறேன். அந்த மார்கழியில் கண்மாயெல்லாம் தளும்ப நின்றது. பஸ் ஸ்டாண்டில் நான் கண் விழித்தபோது நம் வண்டியின் முகப்பே எனக்குத் தெரியவில்லை. மனிதர்கள் குரலாக மட்டும் நடந்து போனார்கள். மெயின் ரோட்டில் வரவேண்டிய பஸ் ஒன்றும் வந்திருக்கவில்லை. ராஜபாளையம் போக நின்றவர்களெல்லாம் நம் வண்டியில் ஏறினார்கள். காலை ஷிப்டுக்குப் போகிற மில் பெண்கள், வெள்ளை வேட்டியில் இரண்டு கொத்தனார்கள். கடைசியாக, பின்படியில் ஒரு காலை வைத்து, இடுப்பில் ஒரு பிள்ளையோடு ஸ்டெல்லா.

சிவப்புச் சேலை. கோயிலுக்கு என்று எடுத்த புதுச் சேலை. என்னைப் பார்த்ததும் மற்றக் கால் தரையிலேயே நின்றுவிட்டது.

“சித்தப்பா, இது அப்பா ஓட்டுற வண்டியா?”

“ஏறும்மா,” என்றேன். “பச்சப்பிள்ளைய வச்சுக்கிட்டு இந்தப் பனியில எம்புட்டு நேரம் நிப்ப?”

அவள் பின்னால் மூலையில் ஒதுங்கி உட்கார்ந்தாள். பிள்ளைக்கு, நம் கயலுக்கு, அப்போது மூன்று வயது இருக்கும். மோவாய் அப்படியே உங்களுடையது. உள்ளே இருந்த கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்ததால் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை. டிக்கெட் கிழித்துக்கொண்டே முன்னால் வந்தேன். சொல்லிவிடலாமா என்று உங்கள் பிடரியைப் பார்த்தேன். நீங்கள் கண்ணாடிக்கு மூக்கை ஒட்டி வைத்து, வண்டியைத் தவழ விட்டுக்கொண்டிருந்தீர்கள். அந்த நேரத்தில் எதைச் சொல்ல?

ஊரைத் தாண்டிக் கண்மாய்ப் பக்கம் வந்ததும் ரோடு மறைந்துபோனது. லைட்டைப் போட்டால் எதிரே சுண்ணாம்பு அடித்த சுவர் எழும்பி நின்றது. அணைத்தால் சுவர் கரைந்து பாலாக ஓடியது. இடது பக்கம் தண்ணீர், வலது பக்கம் பள்ளத்தில் வயல். நின்றுவிடலாம் என்று ஒரு கொத்தனார் சொன்னார். நின்றால் பின்னால் வருகிற லாரி ஏறிவிடும் என்று சொல்லிவிட்டு, என்னை இறங்கி முன்னால் நடக்கச் சொன்னீர்கள். டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, ஹாரன் அடித்தீர்கள். ஜன்னல் வழியாக உங்கள் குரல் மட்டும் வந்தது.

“ஏலே மாரி, எங்க இருக்க? உன் காக்கி பனியோட பனியா கரைஞ்சு போச்சு. பளிச்சுன்னு துணி உடுத்தவங்க யாராச்சும் இருந்தா எறங்கி வரச் சொல்லு.”

வண்டிக்குள் பளிச்சென்று இருந்தது ஒரே ஒரு சேலைதான். யாரும் கேட்பதற்கு முன்னால் அவளே எழுந்துவிட்டாள். பிள்ளையை மில்லுக்குப் போகிற ஓர் அக்காவின் மடியில் வைத்துவிட்டுப் பின்படி வழியாக இறங்கி, வண்டியின் பக்கவாட்டைத் தடவிக்கொண்டே என்னிடம் வந்தாள். முந்தானையை விரித்து முதுகுக்குப் பின்னால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ரோட்டின் நடுவில் நின்றாள். நான் கண்மாய்ப் பக்க ஓரத்தைக் காலால் துழாவிக்கொண்டு நடந்தேன். அவள் என்னைப் பார்த்துப் பார்த்து நடந்தாள். பின்னால் நீங்கள் அந்தச் சிவப்பைப் பார்த்து வந்தீர்கள்.

அந்த நடையை எப்படிச் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை, அண்ணே. பூமியில் நடந்த மாதிரியே இல்லை. தண்ணீருக்கு மேலே எங்கோ மயில் அகவியது, அது பக்கத்திலா மலையிலா என்று சொல்ல முடியவில்லை. புளியமரங்கள் ஒவ்வொன்றாக வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கின. சைக்கிளில் பால்காரர் ஒருவர் எதிரே முளைத்தார். சிவப்புச் சேலையையும் அதன் பின்னால் மாடு போல நடந்து வருகிற பஸ்சையும் பார்த்து இறங்கி நின்றார். திரும்பிப் பார்த்தபோது அவர் இல்லை. எங்கிருந்தோ கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு வந்தது. வார்த்தை புரியாமல் ராகம் மட்டும் பனிக்குள் மிதந்துகொண்டிருந்தது.

“அப்பா நல்லா இருக்காவளா?” என்று ஸ்டெல்லா கேட்டாள். தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

சர்க்கரை இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார், மற்றபடி நன்றாக இருக்கிறார் என்றேன்.

“முன்னால போறது நான்தான்னு அவியளுக்குத் தெரியுமா?”

“தெரியாதும்மா.”

“தெரியாமலே இருக்கட்டும் சித்தப்பா. தெரிஞ்சா வண்டிய நிப்பாட்டிருவாவ.”

கொஞ்ச நேரம் கழித்து எஞ்சின் சத்தம் மாறியது. நீங்கள் கியரை இறக்கிய சத்தம். உங்களோடு அத்தனை வருடம் ஓடியவன், அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? மேடு இல்லை, பள்ளம் இல்லை, ஏன் இறக்குகிறார் என்று நினைத்தேன். வண்டி நின்றுவிடப் போகிறது என்றுதான் அவளும் நினைத்திருப்பாள், அவள் தோள் இறுகியது. வண்டி நிற்கவில்லை. இன்னும் மெதுவாக, அவள் கால் வைத்த இடத்தில் சக்கரம் வைப்பது போல வந்துகொண்டே இருந்தது.

உள்ளே என்ன நடந்தது என்று அந்த மில் அக்கா மறுநாள் என்னிடம் சொன்னார். அம்மாவைக் காணோம் என்று பிள்ளை அழுதிருக்கிறது. அக்கா அதைத் தூக்கிவந்து உங்கள் பக்கத்தில் எஞ்சின் மூடிமேல், கதகதப்பாக இருக்கட்டும் என்று உட்கார வைத்திருக்கிறார். பிள்ளை கண்ணாடியைத் தட்டி அம்மா அம்மா என்றிருக்கிறது. யார் உன் அம்மா என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அந்தா செவப்பு என்று கை காட்டியிருக்கிறது. அம்மா பேர் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளை சொல்லியிருக்கிறது. வெகுநாளாக உங்கள் காதில் விழாத பெயர். கழுத்தில் இருந்த மப்ளரை ஒரு கையால் உருவி, பிள்ளையின் தலையில் காது மூடச் சுற்றிவிட்டு, மறுபடியும் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டீர்களாம். கண் மட்டும் அந்தச் சிவப்பை விட்டு நகரவில்லை என்றார் அந்த அக்கா.

மம்சாபுரம் நெருங்கும்போது பனி தானாகக் கிழிந்தது. முதலில் ஒரு டீக்கடை பல்பு, பிறகு பெஞ்சு, பிறகு பெஞ்சில் இருந்த ஆட்கள். ஸ்டெல்லா ரோட்டை விட்டு ஒதுங்கினாள். வண்டி நின்றது. பின்படிக்குத்தான் போகப் பார்த்தாள். பிள்ளை முன்னால் உட்கார்ந்திருந்ததால் முன்படியில் ஏற வேண்டியதாயிற்று. உங்கள் மப்ளரைத் தலையில் சுற்றிய பிள்ளையைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. படியிலேயே நின்றாள். நான் அவள் பின்னால் நின்றேன். நீங்கள் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

“காலெல்லாம் நனைஞ்சிருக்கும்,” என்றீர்கள். “தொடச்சுக்கிட்டு உக்காரு.”

அவள் முன் சீட்டில் உட்கார்ந்து, சேலைக்கரையால் காலைத் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள்.

ராஜபாளையத்தில் கோயில் வாசலில் நமக்கு ஸ்டாப் கிடையாது. நான் விசில் ஊதவில்லை. நீங்களாகவே நிறுத்தினீர்கள். விசில் இல்லாமல் நீங்கள் வண்டியை நிறுத்தி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிள்ளை இறங்கும்போது மப்ளரை அவிழ்த்துக் கொடுக்க வந்தது. “வச்சுக்க தாயி, திரும்பிப் போகையில குளிரும்,” என்றீர்கள். அவர்கள் உள்ளே போனதும் வண்டியை எடுத்தீர்கள்.

மத்தியானம் என்னை உங்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடச் சொல்லிவிட்டு வண்டி கழுவ நின்றுவிட்டீர்கள். மதினி இலை போட்டார்கள். கண் சிவந்திருந்தது. ஸ்டெல்லா கோயிலிலேயே எல்லாம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவள் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தாயைப் பார்க்க வந்தாள் என்று நான் நினைத்துப் பேசப் போக, மதினி கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

“வருசா வருசம் வாரா. ஒங்க அண்ணன் ஏன் இன்னிக்கு டூட்டி பாக்காவன்னு நெனச்சீய? அவ போன மொதக் கிறிஸ்துமஸ்ல கோயிலுக்கு வந்து கடைசி பெஞ்சுல இருந்தா. இவிய திரும்பிப் பாத்தாவ. ஒண்ணும் சொல்லல, பாத்தது மட்டுந்தான். அவ எந்திரிச்சுக் கொட்டுற மழையிலயே போயிட்டா. மறுவருசத்துல இருந்து டூட்டி. இவிய இல்லன்னா அவ வந்து இருப்பாள்ல.”

இதை உங்களிடம் பேசியதுண்டா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்கள்.

“சாயங்காலம் வந்து, காலையில நல்ல வாடைன்னு சொல்லுவாவ. நான் அடுப்பப் பாத்துக்கிட்டே, பிள்ளைக்குக் கம்பளி போட்டிருந்துச்சுன்னு சொல்லுவேன். சரின்னுட்டுச் சட்டையக் கழட்டப் போயிருவாவ. அம்புட்டுதான் எங்க பேச்சு.”

அதுவரை டீக்கடையில் நீங்கள் சொன்ன ஒவ்வொரு வருடமும் வரிசையாக என் முன்னால் வந்து உட்கார்ந்தது. தூறல் வருடத்தில் அவள் வயிற்றுப்பிள்ளையோடு வந்திருப்பாள். குடை இருந்ததோ இல்லையோ. வெக்கை வருடத்தில் கைப்பிள்ளை பஸ்சில் அழுதிருக்கும். வாடை வருடத்தில் பிள்ளை கம்பளிக்குள் இருந்திருக்கும். சுந்தரபாண்டியத்திலிருந்து வருகிற ரோடு அந்த ஒரு காலையில் எப்படி இருக்கிறது என்பதைத்தான் நீங்கள் வருடம் தவறாமல் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அடுத்த கிறிஸ்துமஸ் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் மற்ற பஸ்களை விட்டுவிட்டு நம் வண்டிக்காக அவள் காத்துக்கொண்டிருந்தாள். முன் சீட்டில் உட்கார்ந்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “இன்னிக்குப் பரவாயில்ல,” என்றீர்கள். “ஆமாப்பா, காத்துதான் கொஞ்சம்,” என்றாள். மம்சாபுரம் வரைக்கும் வேறு பேச்சு இல்லை. அதற்கடுத்த வருடம் அவள் வீட்டுக்காரரும் கூட வந்தார். அவர் டிக்கெட்டுக்குக் காசை நீட்டியபோது நீங்கள் திரும்பாமலேயே எனக்குக் கையைக் காட்டினீர்கள், வாங்காதே என்று. மன்னிப்பு என்று யாரும் யாரிடமும் கேட்டு நான் பார்க்கவில்லை. நீங்கள் ஓய்வு பெற்ற பிறகு அவர்கள் நேரே வீட்டுக்கே வந்தார்கள். ஒரு கிறிஸ்துமஸ் மத்தியானம் உங்களையும் மதினியையும் என்னையும் பிளவக்கல் அணைக்குக் கூட்டிப் போனார்கள். தண்ணீர்க் காற்று பட்டதும் நீங்கள் மரத்தடியில் படுத்துத் தூங்கிப்போனீர்கள். கயல் உங்கள் நெற்றியில் உதிர்ந்த இலையை எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அத்தனை நிம்மதியாக நீங்கள் தூங்கி நான் பார்த்ததில்லை.

ஐப்பசியில் நீங்கள் போனீர்கள். ஸ்டெல்லா கடைசிவரை உங்கள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரியும், என் மகன் ஓசூரில் இருக்கிறான். அவன் அம்மா போனதிலிருந்து எங்கள் இருவருக்கும் பேச்சு வற்றிவிட்டது. சண்டை ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். வேறு? வேறு ஒன்றுமில்லை. அப்படியே வைத்துவிடுவோம். அவள்தான் எங்களுக்கு நடுவில் பேசிக்கொண்டிருந்தாள் என்பதே அவள் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இன்று காலை நானாக அவனைக் கூப்பிட்டேன். ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். கிழமை இல்லாத கிழமையில் என் பெயரைப் பார்த்துப் பயந்துவிட்டான் போல. என்னப்பா, உடம்புக்கு ஏதாவதா என்றான்.

“ஒண்ணுமில்லடா. அங்க வெளிய எப்படி இருக்கு?”

தாழ்ப்பாள் எடுக்கும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்து நின்று பார்க்கிறான் என்று தெரிந்தது.

“பனிதான்ப்பா. எதுத்த வீடே தெரியல.”

பைக்கை எடுக்க வேண்டாம், கம்பெனி பஸ்சிலேயே போ, காதை மூடிக்கொள் என்றேன். சரி என்றான். வழக்கமாக அந்த இடத்தில் வைத்துவிடுவான். இன்று வைக்கவில்லை. அவன் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் வைக்கவில்லை.

“அங்க எப்படிப்பா இருக்கு?” என்று கேட்டான்.

செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன், பார்த்துச் சொல்ல.